மேடு

சுவரொட்டியில் ஹிப்னோபர்த்திங் என்று போட்டிருந்தது.
சங்கிலியில் ஆடும் ஒரு கடிகாரத்தை எதிர்பார்த்துப் போனேன்.
மீன்சந்தைக்குப் பின்னாலிருந்த கூடத்தில்
கம்பளியில் பின்னிய கருப்பை ஒன்றும்
பிளாஸ்டிக் இடுப்பெலும்பும் இருந்தன.

ஐல்சா துணிக்குழந்தையைத் திருப்பித் திருப்பி
எலும்பின் வழியே இறக்கினாள்,
குறுகிய படிக்கட்டில் சோஃபா இறக்குகிறவர்களைப் போல.
தலை இப்படி. தோள் இப்படி. இப்போது கொஞ்சம் சாய்.
ஒன்பது வருடம் பேருந்து ஓட்டியவள் மோர்வன்.
முட்டுச்சந்தில் நீள வண்டியைத் திருப்பும்போது வரும் முகம்
அப்போது அவளுக்கு வந்தது.

“வலி என்ற சொல்லை வெளியே விட்டுவிடுங்கள்,
நனைந்த பூட்ஸைப் போல.
இனி அது அலை.
எழும், உடையும், கரையும்.
கண்ணை மூடுங்கள். வெதுவெதுப்பான ஒரு கடற்கரை.”

ஃப்ரேசர்பரோவில் எவருக்கும்
வெதுவெதுப்பான கடற்கரை தெரியாது.
மோர்வன் கண்ணைத் திறந்துவிட்டாள்.
“என் அப்பாவை அலைதான் கொண்டுபோனது,” என்றாள்,
தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற குரலில்.

ஐல்சா கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.
மடித்து வைத்தாள்.
“அப்படியென்றால் உன் சொல்லை நீ கொண்டு வா.”

அடுத்த செவ்வாய் கொண்டுவந்தாள்: மேடு.
தூரத்திலேயே தெரிந்துவிடும்.
பதறி மிதித்தால் வண்டி திணறும்.
நாலு எண்ணி உள்ளே, ஏழு எண்ணி வெளியே.
உச்சிக்கு அந்தப் பக்கம்
இறக்கம் இல்லாத மேட்டை இதுவரை ஓட்டியதில்லை.

வீட்டில் விளக்கணைத்து நான் நிறுத்தங்களைச் சொல்வேன்,
ஒரு மூச்சுக்கு ஒன்று.
லோன்மே.
மின்ட்லா.
மின்ட்லாவைத் தாண்டி அவள் விழித்திருந்ததே இல்லை.
மீதி வழியில் காலி வண்டியோடு
நான் மட்டும் போய்ச் சேர்வேன்.

ஐந்தாம் வாரம் ஆளுக்கொரு ஐஸ்கட்டி தந்தார்கள்.
ஒரு நிமிடம் உள்ளங்கையில்; முதலில் சும்மா,
மறுமுறை மூச்சோடு.
எல்லோரும் முகம் சுளித்தார்கள், பிறகு சுளிக்கவில்லை.
ஐஸ் ஆலையில் பதினோரு வருடம் கழித்த என் கைக்கு
இரண்டு முறையும் ஒன்றும் தெரியவில்லை.
“அப்படியானால் பிள்ளையை நீயே பெற்றுக்கொள்,”
என்று அவள் சிரித்ததில் கூடமே சிரித்தது.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிப்ரவரியில், அடர்ந்த பனியில்,
பின்னிருக்கையில் மண்டியிட்டபடி வந்தாள்.
லோன்மே, என்று ஆரம்பித்தேன்.
“வாயை மூடு,” என்றாள்.
பத்து வாரப் பயிற்சி அவ்வளவுதான் என்று
அபர்டீன் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
மேடு வரும்போதெல்லாம் அவள் வலது கால்
மெல்ல எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.

பத்தொன்பது மணி நேரம்.
குழந்தை நிமிர்ந்த முகத்தோடு நின்றுவிட்டது,
சோஃபா படிக்கட்டில் சிக்கியது போல.
அறுவை என்றார் மருத்துவர்.
சட்டைப்பையில் எடைச்சீட்டின் பின்னால்
வகுப்பில் எழுதிவைத்த கேள்விகள்.
ஏன்? வேறு வழி? ஒரு மணி நேரம் பொறுத்தால்?
என் குரல் நடுங்கியது. அவர் நாற்காலி இழுத்து
உட்கார்ந்து பதில் சொன்னார்.
கேட்டு முடித்து மோர்வன்தான் சொன்னாள்: “போகலாம்.”
தோற்றவள் குரல் இல்லை அது.
வழி மாற்றி ஓட்டச் சொன்னால்
மாற்றி ஓட்டுகிறவள் குரல்.

பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம்
அவள் தலை, என் முகக்கவசம், ஒரு கை.
உடம்பின் பாதி மரத்துப்போயிருக்க
பல் கிடுகிடுக்கக் கேட்டாள்:
“மின்ட்லாவுக்கு அப்புறம் சொல்லு.”

எல்லன், என்றேன்.
நாலு, உள்ளே. ஏழு, வெளியே.
பல்மெடி.
அதற்கடுத்த நிறுத்தம் என் நினைவுக்கு வருவதற்குள்
திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கோபமாக அழுதார்கள்.

ரோனா. மூன்று கிலோ எண்ணூறு.

திங்கட்கிழமை ஆலைக்குத் திரும்பினேன்.
மோர்வன் பற்றியிருந்த கையால்
ஐஸ்வாரியைத் தூக்க முடியவில்லை.
ஐல்சாவிடம் சொல்லிவிடாதீர்கள்:
வலித்தது.